அந்தப் பத்து நிமிஷம் யார் பொறுப்பு?

பரீட்சை முடியப்போகிறது என்றாலே கோடை முகாம் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பயத்தோடு எழுதப்பட்டவை, அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். 26 வருஷம் பி.டி. டீச்சராக இருந்து, பிள்ளைகளை முகாமுக்கும் போட்டிகளுக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விட்ட அனுபவத்தில் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

டீச்சர், என் மகளுக்கு 10 வயது. ஏற்காடு பக்கம் ஏழு நாள் தங்கும் முகாமுக்குப் போகணும் என்கிறாள். நோட்டீஸில் ஜிப் லைன் (கம்பியில் தொங்கியபடி சறுக்குவது), பாறை ஏறுதல், கேம்ப் ஃபயர் எல்லாம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். அங்கே என்ன கேட்பது?
*ஒரு தாய், சேலம்*

நேரில் போகிறீர்கள் என்பதே பெரிய விஷயம். முக்கால்வாசிப் பேர் வாட்ஸப்பில் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் அன்றாட நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். காலை 6 மணி யோகா, 7 மணி நடை என்று அடுக்கியிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் இடைவெளிகளை. 4 மணிக்கு விளையாட்டு முடிகிறது, 5 மணிக்குத்தான் அடுத்தது என்று இருந்தால், அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், யார் கூட இருப்பார் என்று கேளுங்கள். "எல்லாரும்தான் பார்த்துப்போம்" என்று பதில் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் பெயரைச் சொல்ல வேண்டும். ஜிப் லைனில் ஏறும்போது நாலு பேர் கண் கொட்டாமல் நிற்பார்கள், விபத்து அங்கே குறைவு. குளிக்கப் போகும் நேரம், சாப்பிட்டுவிட்டு வரும் நேரம், வேன் வரக் காத்திருக்கும் நேரம், இப்படிப்பட்ட பத்து நிமிஷங்களில்தான் கை நழுவுகிறது.

அப்புறம் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மேலே பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் பள்ளி வளாகத்திலேயே ஒரு குழந்தை செப்டிக் டேங்க்குக்குள் விழுந்து இறந்தது, மேலே இருந்த இரும்பு மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில், கோடை வகுப்புக்கு வந்த நாலு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. கோடை வகுப்பு என்றால் பாட்டு, களிமண், கலர் பேப்பர், அவ்வளவுதான், அதில் என்ன ஆபத்து என்றுதானே எந்தத் தாயும் அனுப்பியிருப்பாள். அதனால் சம்ப் மூடி எங்கே இருக்கிறது, பூட்டு இருக்கிறதா, நீங்கள் ஏறி நின்றால் தாங்குமா, மொட்டை மாடிக் கதவு சாத்துகிறதா, கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள். பெண் பிள்ளைகள் அறைக்குப் பக்கத்தில் எந்தப் பெண் பொறுப்பாளர் படுக்கிறார், கழிப்பறைக்குப் போகும் வழியில் லைட் இருக்கிறதா, உள்தாழ்ப்பாள் வேலை செய்கிறதா. தரையில் பாய் போட்டுப் படுக்க வைக்கிற இடமாக இருந்தால் கொசுவலை கேளுங்கள், வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். கொசுவுக்கு மட்டும் சொல்லவில்லை. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடித்துவிடும், பல சமயம் வலியே தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்று சொன்னால் அஜீரணம் என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்பது முகாம் நடத்துகிறவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது.

ஜிப் லைனுக்குக் கடைசியாக வாருங்கள். பிள்ளைக்குப் பெல்ட்டை மாட்டிவிடுகிறவர் ஒருவர், அதை இழுத்துப் பார்த்து "சரி" சொல்கிறவர் வேறொருவர், இப்படி இரண்டு பேர் இருந்தால் நல்லது. மாட்டுகிறவரே சரி பார்த்தால் அவர் கண்ணுக்கு அவர் தப்பு தெரியாது.

கடைசியாக ஒன்று. தினமும் பிள்ளை வீட்டுக்குப் பேசுமா, பேசும்போது பக்கத்தில் யாராவது நின்று கேட்டுக்கொண்டிருப்பார்களா? தனியாகப் பேச விட வேண்டும். புறப்படுவதற்கு முன் உங்களுக்குள் ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டிக்கு இருமல் எப்படி இருக்கு" என்று மகள் கேட்டால், கேள்வியே கேட்காமல் வண்டி எடுத்துக்கொண்டு போய் அழைத்து வர வேண்டும்.

எங்கள் ஊர் இளைஞர் மன்றம் மே மாதம் 10 நாள் முகாம் நடத்துகிறது. 60 பிள்ளைகள், கட்டணம் கிடையாது. ஆற்றில் நீச்சல் கற்றுக்கொடுக்கலாம் என்று பையன்கள் ஆசைப்படுகிறார்கள். நாங்கள் எல்லாருமே ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்கள்தான். செய்யலாமா டீச்சர்?
*மன்றச் செயலாளர், மன்னார்குடி அருகே*

தம்பி, நீச்சல் கற்றுக்கொடுக்க நினைப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. நீந்தத் தெரிந்த பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் 60 பேரை ஒன்றாக இறக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

மே மாதம் உங்கள் பக்கம் ஆறு எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. அதற்கு முன் மணல்தான் தெரியும், நடுநடுவே மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். முழங்கால் ஆழம் என்று நடந்துபோகிற பிள்ளை அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்துக்குப் போய்விடும். நீங்கள் நீந்தி வளர்ந்த ஆறு வேறு, இன்றைக்கு இருக்கும் ஆறு வேறு.

2023 பிப்ரவரி 15 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து கால்பந்துப் போட்டிக்காக வந்த மாணவிகள், மாயனூர் கதவணைப் பக்கம் காவிரியில் இறங்கினார்கள். நாலு பேர் திரும்பவில்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள். நானும் அந்த வேலைதான் பார்த்தேன் என்பதால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பந்து விளையாட்டுக்கு என்னென்ன தேவையோ எல்லாம் யோசித்துத்தான் கூட்டிப்போயிருப்பார்கள். ஆறு அன்றைய திட்டத்திலேயே இருந்திருக்காது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் கொட்டரை அணையிலும் அப்படித்தான், கிரிக்கெட் விளையாட வந்த பையன்கள் குளிக்கப் போனார்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசி இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள், இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரியான முறை என்பதைக் கவனியுங்கள். மூழ்குகிறவனிடம் பாய்ந்து போனால் அவன் உங்களைக் கட்டிப்பிடித்து இழுத்துவிடுவான். கயிறு, வேட்டி, மூங்கில், மூடி இறுக்கிய காலி கேன், எதையாவது எறிய வேண்டும், கரையிலிருந்து இழுக்க வேண்டும்.

செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஆற்றை விட்டுவிட்டு, படித்துறை உள்ள குளம் ஒன்றை எடுங்கள், அதுவும் நீங்களே முந்தின நாள் இறங்கி ஒவ்வொரு அடியாக நடந்து ஆழம் பார்த்த குளம். இடுப்பளவு ஆழத்தில் கயிறு கட்டுங்கள். ஒரு தடவைக்கு எட்டுப் பிள்ளைகள் போதும், அவர்களுக்குத் தண்ணீருக்குள் இரண்டு பேர். கரையில் ஒருவர் நிற்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, டீ குடிக்கக் கூடாது, தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் அவரை மாற்றிவிடுங்கள், அதற்கு மேல் கண் சோர்ந்துவிடும். பிள்ளைகளை ஜோடி சேர்த்துவிட்டு, விசில் அடித்தால் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சாரணர் முகாம்களில் ரொம்ப காலமாக இதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று பல பேருக்குத் தெரியாது. மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோல் "காப்பாத்துங்க" என்று கத்தாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற ஒரு நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் இருக்காது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவதுபோல் தெரியும். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். சத்தம் அடங்கிவிட்டது என்றால் உடனே திரும்பிப் பாருங்கள்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அதில் போகிற நேரம் உயிர் போகிற நேரம். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை காற்று ஊதி, நெஞ்சை அமுக்க ஆரம்பிக்க வேண்டும், இன்னொருவர் 108க்குப் பேச வேண்டும். முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், எங்கள் பையன்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள்.

எங்கள் பள்ளிக்குத் தற்காப்புக் கலை, பேரிடர் பயிற்சி, ஆளுமை வளர்ச்சி என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து முகாம் நடத்தித் தருகிறோம் என்கிறார்கள். விசிட்டிங் கார்டு, சான்றிதழ், பெரிய மனிதர்களோடு எடுத்த போட்டோ எல்லாம் காட்டுகிறார்கள். நிர்வாகம் உடனே சரி சொல்லிவிடுகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை.
*ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்*

உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள் மேடம். உங்கள் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் என்று நடத்தினார்கள். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி.யே கிடையாது, முகாம் போலி. 17 மாணவிகள் பள்ளி அரங்கத்தில் தங்கியிருந்தார்கள், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர்கூட இல்லை. 13 வயது மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள், மற்ற சில பிள்ளைகளிடமும் அத்துமீறல் நடந்திருந்தது. பிள்ளை சொன்ன பிறகும் விஷயத்தை வெளியே விடாமல் அமுக்கப் பார்த்தார்கள் என்றுதான் பள்ளிப் பொறுப்பில் இருந்தவர்களும் கைதானார்கள்.

என்.சி.சி. என்றால் எந்த பட்டாலியன் என்று ஒரு கேள்வி, அந்த பட்டாலியன் அலுவலகத்துக்கு ஒரு போன். ஐந்து நிமிஷ வேலை, யாரும் செய்யவில்லை.

கோவை அருகே 2018 ஜூலையில் ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி. இரண்டாவது மாடியிலிருந்து குதிக்கச் சொன்னார்கள், கீழே மாணவர்கள் வலை பிடித்து நின்றார்கள். ஒரு மாணவி தயங்கி உட்கார்ந்திருந்தாள், பயிற்சி கொடுத்தவர் தள்ளிவிட்டார். முதல் மாடி சன்ஷேடில் தலை மோதி இறந்துபோனாள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டவர் அவர், ஆணையமோ எங்களுக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்றது. அந்த வீடியோவை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். அந்தப் பெண் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளை "மாட்டேன்" என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் முதல் நாளே அவர் முன்னால் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: "வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டாம்."

நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள். சான்றிதழில் இருக்கும் அமைப்பின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள், அவர் கொடுத்த எண்ணில் பேசாதீர்கள். இதற்கு முன் முகாம் நடத்திய இரண்டு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடம் பேசுங்கள். காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேளுங்கள், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளியாள் யாரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் நம் ஆசிரியர் ஒருவர் கூடவே. பிள்ளைகளின் போன் நம்பரை வாங்கக் கூடாது.

ஏதாவது தெரியவந்தால் நீங்களே விசாரித்து முடிவுகட்ட வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி சந்தேகம் வந்தாலே போலீஸிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் மறைப்பதும் குற்றம், நிறுவனத்தை நடத்துகிறவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கரும்பலகை ஓரத்தில் எழுதிப் போடுங்கள், அழிக்க விடாதீர்கள்.

"எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதிய படிவத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். போட்டுவிட்டால் பிறகு ஒன்றும் கேட்க முடியாதா?
*ஒரு தந்தை, ஈரோடு*

கேட்கலாம். கவனக்குறைவால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்தால், அப்படி ஒரு காகிதம் யாரையும் காப்பாற்றாது. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சம்ஹிதை (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 106ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு, பெற்றோர் கையெழுத்து போட்டார் என்பதால் அந்த வழக்கு இல்லாமல் போகாது. ஆனால் நான் பார்க்கிற விதம் வேறு. நல்ல முகாமின் படிவத்தில் உங்கள் பிள்ளையைப் பற்றி நிறையக் கேட்டிருப்பார்கள்: ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, நீந்தத் தெரியுமா, தூக்கத்தில் நடக்குமா, உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் யாருக்குப் பேசுவது. அந்தக் கேள்விகள் ஒன்றும் இல்லாமல் "பொறுப்பல்ல" மட்டும் இருந்தால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நாங்கள் நடத்தும் முகாமில் சேர வந்த பையனுக்கு வலிப்பு இருக்கிறதாம், அம்மா சொன்னார்கள். சேர்த்துக்கொள்ள எங்கள் குழுவில் எல்லோருக்கும் பயம். திருப்பி அனுப்பிவிடலாமா?
*முகாம் ஒருங்கிணைப்பாளர், மதுரை*

உண்மையைச் சொன்ன அம்மாவின் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், அடுத்த வருஷம் எல்லா அம்மாக்களும் மறைத்துவிடுவார்கள். அதுதான் பெரிய ஆபத்து. சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை வேளை தவறாமல் யார் கொடுப்பது என்று ஒரே ஒருவரை நியமியுங்கள், கொடுத்ததும் நோட்டில் நேரம் எழுதட்டும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், அதனால் ராத்திரி 12 மணி வரை பாட்டுக் கச்சேரி என்றால் அவனைப் பத்து மணிக்கே படுக்க அனுப்புங்கள். தண்ணீர், உயரம் இரண்டிலும் அவனுக்கென்று ஓர் ஆள் கைக்கெட்டும் தூரத்தில். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்க ஓடாதீர்கள், வாயில் கரண்டியோ துணியோ வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் கல், நாற்காலியை நகர்த்திவிட்டு, தலைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

மற்ற பிள்ளைகளிடமும் முன்கூட்டியே, அவன் சம்மதத்தோடு, சொல்லிவிடுங்கள். என் முகாம் ஒன்றில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்ததை முதலில் கவனித்து ஓடிவந்து சொன்னது பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒன்பது வயதுப் பொடியன்தான்.

இத்தனை வருஷத்தில் உங்கள் கையில் ஏதாவது தப்பு நடந்ததுண்டா டீச்சர்? தவறாக நினைக்க வேண்டாம், புதிதாக முகாம் நடத்தப் போகிறேன், அதனால் கேட்கிறேன்.
*ஓர் இளைஞர், நாகர்கோவில்*

நடந்திருக்கிறது. 2011இல் விளையாட்டு முகாம் முடிந்து 46 பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு ஹோட்டலில் சாப்பிட நிறுத்தினோம். ஏறியதும் வழக்கம்போல் பிள்ளைகளை வரிசையாக எண் சொல்லச் சொன்னேன், 46 வரை சொல்லி முடித்தார்கள், பஸ் கிளம்பிவிட்டது. 20 கிலோமீட்டர் தாண்டிய பிறகு ஒரு பெண் என் கையைத் தொட்டு, "டீச்சர், நான் அவனுக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன், அவன் பின்னாடி சீட்ல தூங்குறான்னு நெனச்சேன், ஆனா இல்ல" என்றாள். பின் சீட்டில் அவன் பை மட்டும் இருந்தது. திரும்பிப் போகும் வரை நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. பையன் ஹோட்டல் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முதலாளி கொடுத்த பாலைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கழிப்பறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதாம். அழவில்லை. என்னைப் பார்த்ததும்தான் அழுதான்.

அன்றிலிருந்து காதால் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து, பெயர்ப் பட்டியலில் டிக் போட்டு, நான் எண்ணியதை இன்னொரு ஆசிரியர் முதலிலிருந்து எண்ணி, இரண்டு எண்ணும் ஒன்றானால்தான் டிரைவர் சாவியைத் திருப்புவார். மூன்று நிமிஷம் ஆகும்.

அடுத்த நாள் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன், தலைமை ஆசிரியரிடமும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, விட்டுவிடுங்கள் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். விட்டிருந்தால் அடுத்த பஸ்ஸிலும் காதால்தான் எண்ணியிருப்போம். தம்பி, நீங்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். தப்பிப்போன சின்னச் சின்ன விஷயங்களை எல்லாம், கால் வழுக்கியது, ஒயரில் ஷாக் அடித்தது, சாம்பாரில் இருந்த ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று, அன்றன்றைக்கு எழுதி, ராத்திரி பத்து நிமிஷம் குழுவாக உட்கார்ந்து படியுங்கள். யாரையும் திட்டக் கூடாது, திட்டினால் மறுநாள் நோட்டு காலியாக இருக்கும்.

எனக்கு 15 வயசு டீச்சர். பள்ளி நண்பர்களோடு மலையேற்றம் போகணும்னு ஆசை. குரங்கணி பெயரைச் சொல்லியே அப்பா விட மாட்டேங்கிறார். நீங்களும் இப்படியே பயமுறுத்தினா நாங்க எப்பதான் வெளியே போறது?
*ஒரு மாணவன், தேனி*

கோபம் நியாயம்தான் கண்ணா. அப்பாவின் பயமும் நியாயம். 2018 மார்ச் 11 அன்று சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் குரங்கணியில் மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உன் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது, ஆம்புலன்ஸ் சத்தத்தை அவர் காதால் கேட்டிருக்கலாம். மறக்கச் சொல்ல முடியாது.

ஆனால் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மரம் ஏறாத, முட்டி பெயராத பிள்ளைக்குத் தன் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதே தெரியாது. மார்ச்சில் புல் காய்ந்து பஞ்சுபோல் கிடக்கும், அப்போது கேட்காதே. மழை பெய்து காடு பச்சையாக இருக்கும்போது கேள். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கி 40 பாதைகளை முறைப்படுத்தியிருக்கிறது, உள்ளூர் மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். அனுமதி வாங்கிய பாதை, வழிகாட்டி, எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்ற விவரம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. செண்ட் அடிக்காமல் போங்கள், பாறைத் தேனீக்கு வாசனை ஆகாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், ஒரு விசில்.

முதல் தடவை எளிதான பாதை ஒன்றுக்கு அப்பாவையும் கூப்பிடு. வரமாட்டேன் என்பார். பையை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு தரம் கூப்பிடு.